11 வயது பியர்டட் டிராகனின் இறுதிக் காலம்: எதுவரை வைத்தியம் பார்ப்பது?

கேள்வி: பாலைநிறம்

அனைவருக்கும் வணக்கம். குட்டியாக எங்கள் வீட்டுக்கு வந்த ஆண் பியர்டட் டிராகனுக்கு (வீட்டில் வளர்க்கும் ஒருவகைப் பல்லி) இப்போது 11 வயது முடிந்துவிட்டது. நன்றாக இருந்த காலத்தில் 430 கிராம் இருந்த எடை, சில மாதங்களாகச் சிறிது சிறிதாகக் குறைந்து இப்போது 350 கிராமுக்கு வந்திருக்கிறது. வால் தொடங்கும் இடத்தில் இருபுறமும் எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. கிளையில் ஏறி விளக்கின் கீழ் வெயில் காய்வதை விட்டுவிட்டான். பகலின் பெரும்பகுதி தொட்டியின் குளிர்ந்த பக்கத்தில் கண்களை மூடியபடி கிடக்கிறான். பூச்சியை முன்னால் விட்டால் தலையைச் சாய்த்துப் பார்க்கிறான், நாக்கையும் நீட்டுகிறான். ஆனால் அது பூச்சிக்கு அரை விரல் இப்பால் தரையில் படுகிறது. மறுமுறை முயல்வதில்லை.

இது வழக்கமான குளிர்கால உறக்கம்தான் என்று வீட்டில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது முதுமையா, நோயா என்பதை எப்படிப் பிரித்தறிவது? ஊசியில்லாத சிரிஞ்சால் உணவைப் புகட்டலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இனி போதும் என்ற முடிவை எதைப் பார்த்து எடுப்பது? உறைபெட்டியில் வைத்தால் வலியில்லாமல் உறக்கத்திலேயே போய்விடும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். கேட்கவே மனம் ஒப்பவில்லை என்றாலும், அது உண்மையா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில்: வெயில்கல்

வணக்கம் நண்பரே. உங்கள் சந்தேகம் நியாயமானது. குளிர்கால உறக்கத்தில் இருக்கும் ஆரோக்கியமான டிராகன் வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருந்தாலும் எடை அதிகம் குறையாது. வால் அடியிலுள்ள கொழுப்பும் அப்படியே இருக்கும். உங்களுடையவன் உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கிறான். அதை உறக்கத்தின் கணக்கில் எழுத முடியாது.

வளர்ப்பில் இவை பொதுவாக 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும், சில 15 ஆண்டுகளையும் தொடும். ஆகவே 11 என்பது முதுமைதான். ஆனால் "வயதாகிவிட்டது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. வயதான டிராகன்களில் எடை குறைவதற்குப் பின்னால் பெரும்பாலும் பெயர் சொல்லக்கூடிய நோய் ஒன்று இருக்கும்: சிறுநீரகக் கோளாறு, அதனால் யூரிக் அமிலம் மூட்டுகளில் படியும் கவுட், கல்லீரலில் கொழுப்பு, வயிற்றில் கட்டி, ஈறு நோய். இவற்றின் பற்களில் பெரும்பாலானவை தாடை எலும்பின் விளிம்போடு ஒட்டியவை, விழுந்தால் முளைக்காதவை என்பதால், ஈறு கெட்டுவிட்டால் மெல்லுவதே வேதனையாகிவிடும். வாயை வலுக்கட்டாயமாகத் திறக்காமல், அவன் நாக்கை நீட்டும்போது ஈறு சிவந்தோ கருத்தோ இருக்கிறதா என்று கவனியுங்கள். குறி தவறுவதற்குக் கண்புரையும் காரணமாகலாம், கால்சியம் குறைந்து தசை தளர்ந்ததும் காரணமாகலாம். புறஊதா விளக்கைக் கடைசியாக மாற்றியது எப்போது? குழல் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் உடலில் கால்சியம் சேர உதவும் யுவிபி என்ற புறஊதாக் கதிர் வற்றியிருக்கும். அதனால்தான் வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதங்களுக்குள் மாற்றச் சொல்கிறார்கள். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். குணப்படுத்த வழியில்லை என்று தெரிய வந்தால்கூட, எதற்கு வலி நிவாரணம் கொடுக்கிறோம் என்பதாவது தெரியும்.

இதற்கிடையில் தொட்டியை மாற்றியமையுங்கள். கிளைகளை எடுத்துவிட்டு, அகலமான தட்டைக் கல் ஒன்றைத் தரையோடு தரையாக விளக்கின் கீழ் வையுங்கள். வெயில் காயும் இடம் கீழே இறங்கும்போது விளக்கிலிருந்து தள்ளிப்போகும் என்பதால், முன்பு சரியாக இருந்த அதே விளக்கு இப்போது போதாது. கல்லின் மேற்பரப்பு 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கிறதா என்று அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்துச் சரிசெய்யுங்கள். இரவில் 20க்குக் கீழே போக விடாதீர்கள். மின்சாரத்தால் சூடேறும் கற்களை மட்டும் வைக்கவே வேண்டாம். தளர்ந்த விலங்கு விலகிச் செல்லாமல் கிடந்து வயிறு வெந்துவிடும். மணல் இருந்தால் அகற்றிவிட்டு, நகம் பற்றிக்கொள்ளும் துணியோ தாளோ விரியுங்கள்.

பதில்: சாம்பல்செதில்

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். சிரிஞ்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அன்பின் பேரில் அதிகத் துன்பம் கொடுக்கப்படுவது இந்த இடத்தில்தான். உடல் சூடேறாத டிராகனுக்கு உணவு புகட்டினால் அது செரிக்காமல் வயிற்றில் கெட்டுப்போகும். எனவே முதலில் வெப்பம், அடுத்து நீர், அதன் பிறகே உணவு. கண்கள் குழிந்து, எச்சில் நூலாக இழுபட்டால் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். மூக்கின் நுனியில் ஒவ்வொரு சொட்டாக நீரை விடுங்கள். நக்கினால் தொடருங்கள், முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்கு தொடங்கும் இடத்திலேயே இருப்பதால், வாய்க்குள் பீய்ச்சும் நீரோ கூழோ எளிதில் நுரையீரலுக்குப் போய்விடும். அவனுடைய முழங்கை அளவு ஆழத்தில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் நிற்க விடலாம், ஆனால் தாடையைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். தளர்ந்தவன் தலையைத் தொங்கவிட்டு நீரிலேயே முகம் புதைந்துவிடக்கூடும்.

தானாக நக்கினால் மசித்த பூசணியைக் கொடுக்கலாம். தினமும் பிடித்து வாயைத் திறந்து ஊட்டுவது, மருந்து வேலை செய்யும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதற்குச் சரி. உடல் ஓய்ந்து வரும்போது அதைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பாலைநிறம்

இருவருக்கும் நன்றி. பரிசோதனை முடிந்துவிட்டது. யூரிக் அமிலம் மிக அதிகமாக இருக்கிறது. இரண்டு சிறுநீரகங்களும் பெருத்திருக்கின்றன. முன்னங்கால் விரல்களில் நான் கவனித்த வீக்கம் கவுட்தான் என்றார் மருத்துவர். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் வலி மருந்தும் கொடுத்து, பூச்சிகளை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். மீண்டுவிடுவான் என்று அவர் சொல்லவில்லை. கல்லைத் தரையோடு வைத்த பிறகு காலையில் தானாக நகர்ந்து வந்து அதன்மேல் படுக்கிறான். முடிவைப் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பதில்: ஊர்வன மருத்துவம்

நான் கால்நடை மருத்துவர். விலங்கை நேரில் பார்க்காததால் மருந்தின் அளவைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம், அவற்றில் பல சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

உறைபெட்டி கூடாது. குளிரில் ஊர்வன அசைவற்றுப் போவதைப் பார்த்து உறங்குவதாக எண்ணிக்கொள்கிறார்கள். வலி உணரும் திறன் அப்போதும் இருக்கக்கூடும், திசுக்களில் பனிப்படிகம் உருவாவது வேதனை தரும். நினைவோடு இருக்கும் விலங்கை உறைய வைப்பதை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. முறையான வழியில், முதலில் மயக்க மருந்து கொடுத்து, முழுவதும் நினைவிழந்த பிறகு உயிரை நிறுத்தும் மருந்தான பென்டோபார்பிட்டலைச் செலுத்துவார்கள். ஊர்வனவற்றின் மூளை ஆக்சிஜன் குறைவை நெடுநேரம் தாங்கும், உயிர் போன பிறகும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். ஆகவே மருத்துவர் இதயத் துடிப்பை டாப்ளர் என்ற ஒலிக் கருவியால் கேட்டுப் பார்ப்பதும், மரணத்தை உறுதிசெய்ய இரண்டாவதாக ஒரு செயல்முறையைக் கையாள்வதும் வழக்கம். இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால் அந்த நேரத்தில் திகைக்க மாட்டீர்கள்.

எப்போது என்பதற்கு: வாரம் ஒருமுறை எடை, நாள்தோறும் இரண்டு வரிக் குறிப்பு. கையை அருகில் கொண்டுபோனால் கண் திறக்கிறானா, நீரை நக்குகிறானா, யாரும் தொடாதபோதும் தாடி (வலியிலும் அச்சத்திலும் கருக்கும் தொண்டைத் தோல்) கருத்துக் கிடக்கிறதா, தூக்கும்போது கால்களை இழுத்துக்கொள்கிறானா என்று எழுதுங்கள். இவை எல்லாவற்றிலும் நான் முதன்மையாகக் கருதுவது ஒன்றுதான். வெப்பத்தைத் தேடிப் போவதும், போதுமானபோது நிழலுக்கு விலகுவதும்தான் இந்த விலங்கு தன் உடலைத் தானே நடத்திக்கொள்ளும் முறை. இன்று அவன் தானாகக் கல்லுக்கு வருகிறான் என்றால் அவசரப்பட வேண்டாம். வலி மருந்து கொடுத்தும், நீங்கள் தூக்கி வைத்தால்தான் வெயில், தூக்கி வைத்தால்தான் நிழல் என்ற நிலை சில நாட்கள் நீடித்தால், மருத்துவருக்கு அழையுங்கள். மூச்சுக்கு வாயைப் பிளந்து போராடினால் அந்தச் சில நாட்கள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பதில்: வெயில்கல்

ஒன்றைச் சேர்க்கிறேன். வீட்டிலேயே இறந்துவிட்டதாகத் தோன்றினால் உடனே அடக்கம் செய்யாதீர்கள். குளிர்ந்து கிடக்கும் டிராகன் இறந்ததுபோலவே இருக்கும். அறை வெப்பத்தில் வைத்து, உடல் விறைப்பதைப் பார்த்த பிறகோ மருத்துவரிடம் காட்டிய பிறகோ முடிவு செய்யுங்கள். வேறு டிராகன் வளர்க்கிறீர்கள் என்றால் உடற்கூறு ஆய்வு கேட்பது நல்லது, அடினோவைரஸ் போன்ற தொற்று இருந்திருந்தால் அதில் தெரிய வரலாம். அதற்கு உடலைப் பையில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், உணவுப் பொருள்களிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். உறைய வைத்தால் திசுக்கள் சிதைந்து ஆய்வு பயன்படாமல் போகும். ஊர்வனவற்றிடமிருந்து தொற்றக்கூடிய சால்மொனெல்லா கிருமியைக் கருதிக் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள், குழந்தைகள் தொட்டிருந்தால் அவர்களுடையதையும்.