கத்திரி வெயிலில் பஃப் ஊற்றிய அனுபவங்கள்

ராணிப்பேட்டையிலிருந்து

ராணிப்பேட்டையில் 11 ஆண்டுகளாகச் சோலார் வாட்டர் ஹீட்டர் தொட்டிகளைச் செய்து வருகிறேன். உள்தொட்டிக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே சூடு வெளியேறாமல் இருக்க நாங்கள் நிரப்பும் கடின பாலியூரித்தேன் நுரையைப் பட்டறையில் யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. ‘பஃப்’ என்றால்தான் புரியும்.

பார்ப்பதற்கு எளிய வேலைதான். கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருக்கும் ஐசோசயனேட் (சுருக்கமாக ‘ஐசோ’), வெளிர்மஞ்சள் பாலியால் என்ற இரு திரவங்களை எடை போட்டு, டிரில் மெஷினில் மாட்டிய துடுப்பால் கலக்கி, கலவை வெளுத்துப் பொங்கத் தொடங்குவதற்குள் துளை வழியாக ஊற்றிவிட வேண்டும். 200 லிட்டர் தொட்டிக்கு உள்விட்டம் 40 சென்டிமீட்டர், நீளம் 160 சென்டிமீட்டர், சுற்றிலும் 5 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், இரு முனைகளையும் சேர்த்து நிரப்ப வேண்டிய இடம் சுமார் 0.13 கன மீட்டர் வரும். கன மீட்டருக்கு 38 கிலோ அடர்த்தி வேண்டுமானால் கலவை 5 கிலோ. இந்தக் கணக்கில் நான் ஒருநாளும் தவறியதில்லை. தவறியது வேறிடத்தில்.

2017ஆம் ஆண்டு கத்திரி வெயிலின்போது ஊற்றிய தொட்டிகளில் சில, மார்கழியில் புகாராகத் திரும்பி வந்தன. மாலையில் கொதிக்கும் தண்ணீர் விடியற்காலையில் வெதுவெதுப்பாகக்கூட இல்லை என்றார்கள். ஒரு தொட்டியில் வெந்நீரை நிரப்பி வெளித்தகட்டைக் கையால் தடவிப் பார்த்தபோது, ஊற்றும் துளைக்கு எதிர்முனையில் ஓரிடம் மட்டும் சுட்டது. ரம்பத்தால் அறுத்துப் பார்த்தோம். உள்ளே ஒரு முழுத் தேங்காயை வைக்கும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது.

காரணத்தை அந்தக் கோடையிலேயே நான் காதால் கேட்டிருந்தேன், புரிந்துகொள்ளத்தான் இல்லை. தகரக் கூரையின் கீழ் வைத்திருந்த பாலியால் டிரம்மின் மூடியைத் திருகும்போதெல்லாம் சோடா பாட்டிலைத் திறப்பதுபோல் ‘உஸ்’ என்று சத்தம் வரும். அன்றைய பாலியாலில் நுரையை உப்ப வைப்பதற்காகக் கலந்திருந்த எச்.சி.எஃப்.சி.-141பி வெறும் 32 டிகிரியில் கொதிக்கக்கூடியது. நமது ஊரில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. மூடியைத் திறக்கத் திறக்க அது காற்றோடு போய்விட்டது. எனவே டிரம்மின் அடிப்பாதிப் பாலியால், அதே எடைக்குக் குறைவாகவே பொங்கியது. அதோடு, சூட்டில் வினையும் விரைந்து, நுரை எதிர்முனையை எட்டுவதற்கு முன்பே இறுகிப்போனது. எத்தனை நொடியில் பொங்கும், எத்தனை நொடியில் இறுகும் என்று பாலியாலோடு வந்த தாளில் அச்சிட்டிருந்த கணக்கு எல்லாம் 25 டிகிரியில் அளந்தவை. சித்திரையில் ராணிப்பேட்டையில் அந்த 25 டிகிரி நள்ளிரவில்கூட அரிதாகத்தான் கிடைக்கும்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் முதல் வேலையாகக் காகிதக் கோப்பையில் 20 கிராம் பாலியாலும் 22 கிராம் ஐசோவும் கலந்து நேரம் பார்க்கிறோம். முதலில் நிறம் வெளுக்கும். பிறகு குச்சியால் தொட்டு இழுத்தால் நூல் வரும். கடைசியில் மேற்பரப்பு விரலில் ஒட்டாது. நடுவில் உள்ள அந்தப் பதத்தை மிட்டாய்க் கடைக்காரர்களின் கம்பிப் பதம் என்றுதான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. கோடையில் ஊற்றும் வேலையை விடியற்காலைக்கு மாற்றினோம்; டிரம்முகளை 22 டிகிரியில் ஓர் அறையில் வைத்தோம். வீட்டில் ஏசி இல்லை, பாலியாலுக்கு இருக்கிறது என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவார்.

குளிரும் சும்மா விடுவதில்லை. மார்கழி விடியலில் தகடு சில்லென்று இருந்தால், அதைத் தொடும் நுரை சூட்டை இழந்து, பொங்காமல் கெட்டியாகி, பிறகு தோல் உரிவதுபோல் தகட்டை விட்டுப் பிரிந்துவிடுகிறது. இப்போது ஊற்றுவதற்கு முன் உள்தொட்டியில் 40 டிகிரி வெந்நீரை நிரப்பிவிடுகிறோம்.

ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 141பி நம் நாட்டில் 2020 தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டது. நாங்கள் தண்ணீரால் பொங்கும் வகைக்கு மாறினோம். தண்ணீர் ஐசோவோடு சேர்ந்து கரியமில வாயுவை உண்டாக்குகிறது. ஆகவே டிரம்மின் ‘உஸ்’ ஓய்ந்தது. ஆனால் ஐசோவின் செலவு கூடியது. கரியமில வாயு நுரையின் கண்ணறைகளில், அதாவது நுண்குமிழ்களில், நெடுநாள் தங்குவதுமில்லை, பழைய வாயு அளவுக்குச் சூட்டைத் தடுப்பதுமில்லை. அதனால் இடைவெளியைச் சற்றுக் கூட்ட வேண்டியிருந்தது.

குடியாத்தத்திலிருந்து

ராணிப்பேட்டை நண்பருக்கு வெயில். எனக்கு வினையானது ஈரம். நான் பால் குளிர்விப்புத் தொட்டிகளைப் பழுது பார்ப்பவன். கறந்த பாலை 4 டிகிரிக்கு இறக்கி வைக்கும் அந்தத் தொட்டிகளின் இரட்டைச் சுவருக்குள்ளும் பஃப்தான் இருக்கிறது. ஒரு பால் சங்கத்தில் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது என்று அழைத்தார்கள். கேஸ் குறைந்திருக்கும் என்று எண்ணி முதல் நாளை வீணடித்தேன். மறுநாள் விடியற்காலையில் போனபோதுதான், தொட்டியின் அடியில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் தகடு வேர்த்திருந்தது கண்ணில் பட்டது.

அந்த இடத்தை வெட்டியெடுத்தால், கையில் நிற்காத கனமில்லாப் பொருளாக இருக்க வேண்டிய பஃப், நனைந்த செங்கல்போல் கனத்தது. வடிகுழாயின் வெல்டிங்கில் மயிரிழை விரிசல். தொட்டி கழுவும் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கியிருக்கிறது. மூடிய கண்ணறைகள் தண்ணீரை நன்றாகவே தடுக்கும், ஆனால் தேங்கி நின்றால் மெல்ல மெல்ல ஊறிவிடும். தண்ணீர் பஃப்பைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாகச் சூட்டைக் கடத்தும் என்னும்போது, கம்ப்ரஸரைக் குறை சொல்லிப் பயனில்லை.

விரிசலை அடைத்துப் புதிதாக ஊற்றியபோது நானும் ஒரு தவறு செய்தேன். முட்டுக் கொடுக்காமல் முழுக் கலவையையும் ஒரே தடவையில் ஊற்றியதால் தகடு வெளியே உப்பிவிட்டது. பால் ஊற்ற வந்த அம்மா ஒருவர், “தம்பி, தொட்டிக்கு இது எத்தனையாவது மாசம்?” என்று கேட்டார். இப்போது பிளைவுட் பலகைகளை வைத்து இறுக்கி, காற்று வெளியேறச் சிறு துளைகள் விட்டு, மூன்று தடவையாக ஊற்றுகிறேன்.

ராணிப்பேட்டை நண்பரிடம் ஒரு கேள்வி: ஊற்றி முடித்த தொட்டியில் வெற்றிடம் இருக்கிறதா என்பதை அறுக்காமல் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

ஆற்காட்டிலிருந்து

மேலே இருவரும் பொருளைப் பற்றி எழுதினார்கள். நான் ஆளைப் பற்றி எழுதுகிறேன். குளிர்பதனக் கிடங்குகளுக்குப் பஃப் தெளிக்கும் வேலையில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். என்னோடு தெளித்தவர் முகக்கவசம் வியர்க்கிறது என்று கழற்றிவிடுவார். ஒரு கோடையில் அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. ஐசோவுக்கு உடல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே போதும். மூடிய டிரம் இருக்கும் அறைக்குள் நுழைந்தாலே அவருக்கு நெஞ்சு அடைத்தது. இப்போது புறவழிச் சாலையில் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். வாசனை வரவில்லையே என்பதை வைத்துக் காற்று நல்லது என்று முடிவு செய்ய முடியாது என்பதை அவரிடமிருந்துதான் அறிந்தேன்.

ஐப்பசி மழையில் இன்னொன்றும் நடந்தது. பாதி தீர்ந்த ஐசோ டிரம்முக்குள் மூடி வழியாக மழைநீர் இறங்கியிருந்தது தெரியாமல் யாரோ மூடியை இறுக்கிவிட்டார்கள். காலையில் டிரம்மின் தலை குடைபோல் உப்பியிருந்தது. எல்லோரையும் விலக்கிவிட்டு, மேற்பார்வையாளர் கால் திருகு, கால் திருகாக மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று.

மீண்டும் ராணிப்பேட்டையிலிருந்து

குடியாத்தம் நண்பருக்கு: ஊற்றிய மறுநாள் உள்ளே 70 டிகிரி வெந்நீரை நிரப்பி, ஒரு மணி நேரம் கழித்துப் புறங்கையால் தகடு முழுவதையும் தடவுகிறோம். சூடு தெரியும் இடத்தில் ஒற்றை ரூபாய் நாணயத்தால் தட்டினால், நிறைந்த இடத்துக்கும் வெற்றிடத்துக்கும் ஓசை வேறுபடும். அங்கே சாக்பீஸால் வட்டமிட்டு, துளையிட்டு, கொஞ்சமாகக் கலந்து நிரப்புகிறோம். கடந்த சித்திரையில் 40 தொட்டிகளில் மூன்றுக்கு வட்டம் போட வேண்டியிருந்தது. மூன்றுமே காலை ஒன்பது மணிக்குப் பின் ஊற்றியவை.