மலர் அட்டைக்கு எந்த எழுத்து? முள்ளியவளைக் குழுவில் நடந்த பேச்சு

சுதன்: (படம்) எங்கட ஊர்ச் சிறப்பு மலரின்ர முன் அட்டை. தலைப்புக்குப் பழைய காலத்து எழுத்துரு ஒண்டு போட்டிருக்கிறன். தூரிகையால எழுதின வளைவு, ஓரமெல்லாம் அரிச்சு, உள்ளுக்க மை பிடிக்காத பொட்டுகள். பாத்துச் சொல்லுங்கோ.

மாலா அன்ரி: வடிவா இருக்கு தம்பி. வீட்டில கனகாலம் வச்சிருந்த மலர் மாதிரிக் கிடக்கு.

வாணி ரீச்சர்: எங்களிட்டப் பழைய மலர் ஒண்டுமே மிஞ்சேல்லை. 2009 இடப்பெயர்வோட எல்லாம் போட்டுது. அதால உந்தத் தோற்றம் எனக்கும் பிடிச்சிருக்கு.

குணம் மாமா: தம்பி, நான் யாழ்ப்பாணத்தில அச்சுக்கூடத்தில எழுத்துக் கோத்தவன். வளைவு நல்லா வந்திருக்கு. ஆனா 'முள்ளியவளை'யில மூண்டு ள இருக்கு. மூண்டிலயும் ஒரே இடத்தில ஒரே ஓட்டை. ஈய எழுத்து அப்பிடித் தேயாது. ஒண்டு ஓரம் மழுங்கும், ஒண்டு உடையும், மற்றது புதுசா நிக்கும்.

சுதன்: ஓம் மாமா, எழுத்துருவில ள ஒருக்காத்தான் வரைஞ்சிருப்பினம். ள், ளி, ளை எல்லாத்துக்கும் அதையே எடுக்கும். எழுத்தைக் கேர்வ் ஆக்கினா, அதாவது கோட்டுப் படமா மாத்தினா, ஒவ்வொண்டையும் தனித்தனியத் திருத்தலாம்.

குணம் மாமா: அப்ப ளையையும் மாத்து. பழைய அச்சில ளை, லை, ணை, னை நாலுக்கும் முன்னால தும்பிக்கை சுருண்டு எழுத்தோட ஒட்டி நிக்கும். 1841இல தொடங்கின உதயதாரகைப் பத்திரிகைக் காலத்து எழுத்து அதுதான். தமிழ்நாட்டு அரசு 1978இல சீர்திருத்தினது, இஞ்ச பிறகுதான் வந்தது. தலைப்புக்குப் பழமை வேணுமெண்டா முதல்ல அந்தத் தும்பிக்கையைப் போடு.

சுகந்தி அக்கா: உள்பக்கத்துக்கும் இதே எழுத்தைப் போடலாமே?

வாணி ரீச்சர்: வேண்டாம் பிள்ளை. உது தலைப்புக்குச் செய்த எழுத்து. பெருப்பிச்சுப் பாருங்கோ, 'மலர்' இல ர் இன்ர புள்ளி பாதி அரிச்சுக் கிடக்கு. அட்டையில பெரிசா இருக்கிறதால பிடிபடுது. சின்னனாக்கினா 'மலர' எண்டுதான் வாசிப்பினம்.

குணம் மாமா: அஞ்சலிப் பக்கத்தில ஒரு எழுத்தும் அரிச்சிருக்கக் கூடாது. என்ர தம்பியின்ர பேரும் அதில வருது. அவன்ர படம் ஒண்டும் எங்களிட்ட இல்லை. பேராவது புள்ளி குறையாமக் கறுப்பா நிக்க வேணும்.

மாலா அன்ரி: ஓம் அண்ணை. கட்டாயம்.

சுதன்: பேர்களுக்குப் பாமினி எண்ட எழுத்துருதான் மாமா. நீங்கள் எல்லாரும் போனில அனுப்பினது யூனிகோட். பாமினி வேற குறியீட்டு முறை, அதுக்கு மாத்தேக்க சில இடத்தில எழுத்துக் குழம்பும். மாத்தின பட்டியலை இங்க போடுறன், அவரவர் வீட்டுப் பேரைச் சரிபாருங்கோ.

வரதன்: வாசல் போர்டுக்கும் இதே எழுத்தெண்டா ஸ்டிக்கர் வேண்டாம் தம்பி. மெசின் ஒவ்வொரு பொட்டையும் சுத்தி வெட்டும், பிறகு உரிச்செடுக்கேலாது. பிளெக்ஸில அடி.

சுதன்: பிளெக்ஸ்தான் அண்ணை.

குணம் மாமா: அட்டையைப் போனில பாத்து முடிவெடுக்கேலாது. அச்சடிக்கிற அளவிலயே ஒரு தாளில எடுத்துக்கொண்டு வா. தும்பிக்கை எங்கால வளையுது எண்டு கீறித் தாறன்.

சுதன்: காலமை வாறன் மாமா.