காக்கட்டூவோடு ஒரே வீட்டில்: வளர்ப்போரின் அனுபவப் பகிர்வு

சிட்னியிலிருந்து:

கிளி வகையைச் சேர்ந்த, கொண்டையுள்ள காக்கட்டூப் பறவையை வாங்கலாமா என்று கேட்டிருந்த நண்பருக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது மஞ்சள் கொண்டையுள்ள வெள்ளைக் காக்கட்டூ. இந்நகரத்தின் பூங்காக்களிலும் தெருவோர யூக்கலிப்டஸ் மரங்களிலும் கூட்டங்கூட்டமாகத் திரிகிற அதே இனம்தான். அதை வளர்த்த முதியவர் பராமரிப்பு இல்லத்துக்குச் சென்றபோது, அவருடைய பிள்ளைகளால் வைத்துக்கொள்ள இயலாமல் எங்களிடம் வந்து சேர்ந்தது. பெயர் சார்லி. வரும்போதே இருபது வயதைக் கடந்திருந்தது.

எல்லோரும் முதலில் கேட்பது சத்தத்தைப் பற்றித்தான். காட்டில் இப்பறவைகள் விடியும்போதும் பொழுது சாயும்போதும் தம் கூட்டத்தை அழைத்து உரக்கக் கத்தும். மனிதர்களோடு வளர்ந்தாலும் அந்த இயல்பு மாறுவதில்லை. அந்த நேரத்துக் கத்தலை அடக்க முடியாது, அடக்க முயல்வதும் சரியன்று. நாம் அறையை விட்டு வெளியேறியதும் எழுப்புகிற கூச்சல் வேறு வகை. அப்போது ஓடிவந்து அதட்டினால், அது விரும்பிய கவனம் கிடைத்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு மறுநாள் இன்னும் உரக்கக் கத்தும். ஆகையால் கூச்சலுக்குப் பதில் சொல்லாமல், அது மெதுவாகச் சீழ்க்கை அடிக்கும்போது மட்டும் நாங்களும் அடுத்த அறையிலிருந்து சீழ்க்கை அடித்தோம். பல மாதங்கள் பிடித்தாலும், இப்போது எங்களைத் தேடும்போது பெரும்பாலும் சீழ்க்கையால்தான் அழைக்கிறது.

என்னை உண்மையில் வருத்தியது சத்தமன்று, கடி. முந்தைய வீட்டில் மடியில் வைத்து முதுகு, இறக்கையின் அடிப்புறம், வாலடி என உடல் முழுவதும் தடவிக் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் அவ்விடங்களைத் தடவுவது பறவையைப் பொறுத்தவரை இணை சேரும் பறவையின் தொடுகை. அதனால் இங்கு வந்ததும் சார்லி என் கணவரைத் தன் இணையாக வரித்துக்கொண்டு, நான் அவர் அருகில் அமர்ந்தாலே கொண்டையை விரித்துச் சீறிப் பாய்ந்தது. ஒருமுறை என் கட்டைவிரலில் தையல் போட வேண்டியதாயிற்று. யூக்கலிப்டஸ் காய்களை உடைக்கிற அலகு அது; விரல் எம்மாத்திரம்! பறவை மருத்துவர் சொன்னபடி தலையையும் கழுத்தையும் தவிர வேறெங்கும் தொடுவதை நிறுத்தினோம். கூடுபோல் புகுந்துகொள்ள ஏதுவான அட்டைப்பெட்டிகளையும் இருண்ட மூலைகளையும் அகற்றினோம். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் கிடைக்கச் செய்தோம். மெல்ல மெல்லச் சீற்றம் தணிந்தது. இப்போது என் கையிலிருந்தும் உணவு வாங்கிக்கொள்கிறது. ஆயினும் இனப்பெருக்கப் பருவத்தில் அதைத் தோளில் ஏற்றிக்கொள்வதில்லை, முகத்தருகே விடுவதில்லை.

இதன் அறிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிட்னிப் பகுதியின் காட்டுக் காக்கட்டூக்கள் குப்பைத்தொட்டியின் மூடியைத் தூக்கித் திறக்க ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டதை 2021ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு விவரித்தது. 2018க்கு முன் மூன்று புறநகர்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த இவ்வழக்கம் 2019 முடிவதற்குள் 44 புறநகர்களுக்குப் பரவியிருந்தது. அத்தகைய மூளையை ஒரு கூண்டில் அடைத்து, ஒரு கிண்ணம் விதையை வைத்துவிட்டு அலுவலகம் போவது கொடுமை என்றே கருதுகிறேன். சார்லிக்குத் தினமும் யூக்கலிப்டஸ் கிளைகளும் சவுக்குக் காய்களும் வெட்டிக் கொடுக்கிறோம். உணவில் ஒரு பகுதியைக் காகிதத்தில் சுற்றி மறைத்து வைக்கிறோம். கடித்துக் கிழிக்க வேலை கொடுக்காத நாள்களில் சன்னல் சட்டமும் கதவின் விளிம்பும் அந்த வேலையாகிவிடும்.

ஆஸ்திரேலியாவில் வளர்ப்போருக்கு இன்னொன்று. மாடத்தில் வந்திறங்கும் காட்டுப் பறவைகள் பார்க்க அழகுதான். ஆனால் அலகையும் இறகையும் சிதைக்கும் வைரஸ் நோய் அவற்றிடையே பரவலாக உள்ளது. எச்சத்தாலும் இறகுத் தூளாலும் தொற்றும் அந்நோய்க்கு இதுவரை மருந்தில்லை. எனவே வெளிக்கூண்டுக்கு மேற்கூரை போட்டு, காட்டுப் பறவைகளுக்கு உணவிடுவதை அறவே விட்டுவிட்டோம்.

சென்னையிலிருந்து:

சகோதரி எழுதியதைப் படித்தபின் எங்கள் அனுபவத்தையும் சேர்க்கத் தோன்றியது. நாங்கள் வளர்ப்பது இந்தோனேசியாவின் வட மலுக்குத் தீவுகளைச் சேர்ந்த, குடைபோல் கொண்டை விரிக்கும் வெள்ளை இனம். இங்கே அம்ப்ரெல்லா காக்கட்டூ என்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்களுக்குப் பெரும் பிரச்சினையானது தூள். காக்கட்டூவின் உடலில் சிலவகை இறகுகள் இடைவிடாமல் மெல்லிய வெண்பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கும்; அப்பொடிதான் மற்ற இறகுகளைப் பாதுகாக்கிறது. மின்விசிறிக்குக் கீழே அது வீடு முழுவதும் பரவி, துடைத்த மேசையில் மறுநாளே படிந்துவிடும். என் தாயாருக்கு விடாத வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தபோது, வீட்டில் பறவை இருக்கிறதா என்பதைத்தான் நுரையீரல் மருத்துவர் முதலில் கேட்டார். பறவைத் தூளுக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி ஏற்படலாம் என்றும், பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பாகிவிடும் என்றும் விளக்கினார். தாயார் இப்போது தம்பி வீட்டில் இருக்கிறார், இருமலும் குறைந்துவிட்டது. நாங்கள் நுண்தூளையும் பிடித்துவிடும் ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வைத்து, தினமும் பறவையை நீர் தெளித்துக் குளிப்பாட்டுகிறோம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்தப் பறவை வேண்டாம் என்றே சொல்வேன்.

சமையலறையையும் மறக்கக் கூடாது. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அளவுக்கு மீறிச் சூடேறினால் வெளிவரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். நாங்கள் இரும்புக் கல்லுக்கு மாறிவிட்டோம். பட்டர் ஃப்ரூட்டும் சாக்லேட்டும் நஞ்சு. சூரியகாந்தி விதையை மட்டுமே கொடுத்து வளர்த்தால் ஈரலில் கொழுப்பு சேரும். முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காய் ஆகியவற்றை எங்கள் பறவை விரும்பித் தின்கிறது.

சட்டமும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும் வந்தபின், காக்கட்டூ போன்ற அயல்நாட்டுப் பறவைகளை வைத்திருப்போர் இந்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பறவை கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் உரிய ஆவணங்கள் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

சகோதரியிடம் ஒரு கேள்வி. எனக்கும் மனைவிக்கும் ஐம்பது வயதாகிறது. பறவைக்கு வயது ஒன்பது. எங்களுக்குப் பின் இதை என்ன செய்வது?

சிட்னியிலிருந்து, பதில்:

ஐயா, இதை இப்போதே யோசிப்பது நல்லது. சிகாகோ அருகிலுள்ள புரூக்ஃபீல்டு விலங்குக்காட்சிசாலையில் குக்கி என்ற காக்கட்டூ 2016ஆம் ஆண்டு தன் 83ஆம் வயதில்தான் இறந்தது; அது வேறு இனம். உங்கள் பறவை அவ்வளவு காலம் இருக்காவிட்டாலும், உங்கள் முதுமையை எட்டிப்பார்க்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் உயிலில் சார்லிக்குப் பொறுப்பாளராக என் அக்காள் மகளைக் குறித்து, செலவுக்கெனத் தனியே ஒரு தொகையும் ஒதுக்கியிருக்கிறோம். உயிலைவிட முக்கியமானது பழக்கம். அவள் வாரந்தோறும் வந்து தன் கையால் உணவிடுகிறாள். நாங்கள் ஊருக்குப் போகும்போது சார்லி அவள் வீட்டில்தான் தங்குகிறது. திடீரென்று வீடும் ஆளும் ஒருசேர மாறினால், தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கிப் புண்ணாக்கிக்கொள்ளும் காக்கட்டூக்கள் பல. சார்லி வந்த புதிதில் அதன் மார்பும் அப்படித்தான் வெறுந்தோலாக இருந்தது. உங்கள் தம்பி குடும்பத்திலோ நண்பர்களிலோ மூச்சுத் தொல்லை இல்லாத, பறவைமேல் உண்மையான விருப்பமுள்ள இளையவர் ஒருவர் இருந்தால், இவ்வாண்டிலிருந்தே அவரை வரவழைத்துப் பழக்குங்கள்.