கேரளத்தில் 29.9, மத்தியப் பிரதேசத்தில் 2.6: இளையோர் வேலையின்மை விகிதத்தை எப்படிப் படிப்பது?

பொருளியல் மாணவி:
கருத்தரங்கக் கட்டுரை ஒன்றிற்காக, 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் (பி.எல்.எப்.எஸ்.) ஆண்டறிக்கையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 15 முதல் 29 வயது வரையிலானவர்களின் வேலையின்மை விகிதம் நாடு முழுவதற்கும் 10.2 விழுக்காடு, கேரளத்தில் 29.9, மத்தியப் பிரதேசத்தில் 2.6. கேரளத்திற்குள்ளேயே இந்த வயது ஆண்களுக்கு 19.3 என்றும் பெண்களுக்கு 47.1 என்றும் இருக்கிறது. கல்வியில் முன்னிற்கும் மாநிலத்தில் இளம்பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலையின்றி இருக்கிறார்கள் என்றும், மத்தியப் பிரதேசம் வேலைவாய்ப்பில் அதைவிடப் பன்மடங்கு மேலானது என்றும் எழுதலாமா? எழுதக் கை வரவில்லை. ஆனால் எங்கே இடறுகிறது என்றும் தெரியவில்லை.

கணக்கன்:
முதல் வாக்கியத்தை அப்படி எழுதக் கூடாது. வேலையின்மை விகிதத்தின் பகுதி எண் மக்கள்தொகை அன்று. வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த தொழிலாளர் படை மட்டுமே. படித்துக்கொண்டிருப்பவர்களும், வீட்டுப் பொறுப்பில் இருந்துகொண்டு வேலை தேடாதவர்களும் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. ஓர் எடுத்துக்காட்டுக்கு, நூறு இளம்பெண்களில் நாற்பது பேர்தான் தொழிலாளர் படையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 47 விழுக்காடு என்றால் ஏறக்குறைய பத்தொன்பது பேர். நூற்றுக்குப் பத்தொன்பது என்பதும் பெரிய எண்தான், ஆனால் 'பாதிப் பேர்' என்பது வேறு செய்தி.

எனவே எந்த மாநிலத்தின் வேலையின்மை விகிதத்தையும் அதன் தொழிலாளர் படைப் பங்கேற்பு விகிதத்தை, அதாவது மக்களில் எத்தனை விழுக்காட்டினர் தொழிலாளர் படையில் இருக்கிறார்கள் என்ற எண்ணை, அருகில் வைக்காமல் மேற்கோள் காட்டாதீர்கள். நாளிதழ்கள் ஆண்டுதோறும் இதைச் செய்யாமல் தரவரிசை மட்டும் வெளியிடுவது எனக்குத் தீராத எரிச்சல்.

ஓய்வுபெற்ற களப்பணியாளர்:
மேலே நண்பர் சொன்னதோடு, அந்த எண்கள் வீட்டு வாசலில் எப்படிப் பிறக்கின்றன என்பதையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும், அம்மா. கணக்கெடுப்புப் படிவத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலைக் குறியீடு இடுவோம். குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுபவருக்கு 21, வேலை தேடுபவருக்கும் வேலைக்கு ஆயத்தமாக இருப்பவருக்கும் 81, படிப்பவருக்கு 91, வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குதல், வீட்டுத் தேவைக்குத் தைத்தல் போன்றவற்றையும் செய்பவருக்கு 93.

கிராமத்தில் ஒரு பெண்ணிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்லைங்க, வீட்டுலதான் சும்மா இருக்கேன்" என்பார். அதோடு விட்டுவிட்டால் 92 என்று எழுதித் தொழிலாளர் படைக்கு வெளியே நிறுத்திவிடுவோம். காட்டில் களை எடுப்பது யார், கறந்த பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவது யார் என்று துருவிக் கேட்டால்தான் அவர் 21-க்கு வருவார். அப்படி வந்துவிட்டால், கையில் ஒரு ரூபாய் வராவிட்டாலும் அவர் வேலையில் இருப்பவர்.

அறிக்கையின் இன்னோர் அட்டவணையைப் பாருங்கள். நாடு முழுவதும் வேலையில் இருக்கும் பெண்களில் 67.4 விழுக்காட்டினர் சுயதொழிலினர். அதற்குள் ஊதியமில்லாக் குடும்ப உதவியாளர்கள் மட்டும் 36.7. மாதச் சம்பளம் பெறுவோர் 15.9 விழுக்காடுதான். பெண்களின் பங்கேற்பு விகிதம் 2017-18-இல் 23.3 ஆக இருந்து 2023-24-இல் 41.7 ஆக உயர்ந்ததைக் கொண்டாடுவோர் இந்த அட்டவணையைத் திறப்பதில்லை. குடும்ப நிலத்தை நம்பி வாழும் ஊர்களில் வேலையற்றவர் என்ற குறியீடு எழுதப்படுவதே அரிது. மத்தியப் பிரதேசத்தின் 2.6-இல் இதற்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து.

பாலக்காட்டுக்காரன்:
இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் விளக்கம் முழுவதும் அளவைமுறையிலேயே முடிந்துவிட்டால் கேரளத்தின் உண்மைச் சிக்கல் மறைந்துபோகும். "படித்தவர்கள், வசதியானவர்கள், பிடித்த வேலைக்காகக் காத்திருக்கிறார்கள்" என்ற விளக்கத்தை இங்கே நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். காத்திருப்பு உண்மைதான், பி.எஸ்.சி. எனப்படும் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுக்குப் பயிற்சி எடுப்பவர்களும், தரவரிசைப் பட்டியலில் பெயர் வந்தும் நியமனம் வராதவர்களும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் காத்திருப்பு மட்டுமே காரணம் என்றால், ஏறத்தாழ ஒரே அளவு படித்த ஆண்களுக்கு 19.3 என்றும் பெண்களுக்கு 47.1 என்றும் ஏன் இருக்க வேண்டும்? ஆண்களுக்கு வளைகுடா, பெங்களூர், கட்டுமானம், ஓட்டுநர் பணி என்று பல வாசல்கள் திறந்திருக்கின்றன. செவிலியர் பணியை விட்டால் பெண்களுக்கு அப்படி ஊர் கடக்கும் வழிகள் குறைவு. உள்ளூரில் கிடைப்பதோ ஜவுளிக்கடை விற்பனை வேலையும், சொற்பச் சம்பளத் தனியார் பள்ளி வேலையும்தான்.

கட்டுரையில் இன்னொன்றையும் சேருங்கள். கேரளத்தின் ஒட்டுமொத்த விகிதம் 2017-18-இல் 11.4 ஆக இருந்து 2023-24-இல் 7.2 ஆகக் குறைந்திருக்கிறது. இளையோர் எண்ணை மட்டும் காட்டினால் இந்த இறக்கம் தெரியாது.

பொருளியல் மாணவி:
மூவருக்கும் நன்றி. மாநிலங்களை வரிசைப்படுத்தும் பகுதியை நீக்கிவிட்டு, பங்கேற்பு விகிதத்தையும் வேலையின் தன்மையையும் சேர்த்த அட்டவணையை வைக்கிறேன். ஒரு கேள்வி மட்டும் மீதம்: ஆண்டறிக்கையில் நாட்டின் மொத்த விகிதம் 3.2, 2025 ஏப்ரலுக்கான முதல் மாத அறிக்கையிலோ 5.1. வேலையின்மை கூடிவிட்டது என்று கொள்ளலாமா?

கணக்கன்:
கொள்ளக் கூடாது. 3.2 என்பது வழக்கமான நிலை, அதாவது முந்தைய ஓராண்டு முழுவதையும் பார்த்துக் கணக்கிடும் அளவீடு. ஓராண்டின் பெரும்பகுதியும் வேலை தேடியவராக இருந்தாலும், இடையில் 30 நாளோ அதற்கு மேலோ துணைத்தொழில் பார்த்திருந்தால் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுவார். தேர்வுக்குப் படித்துக்கொண்டே இரண்டு மாதம் டியூஷன் எடுத்தவர் அப்படித்தான் பட்டியலை விட்டு நழுவுகிறார். 5.1 என்பது நடப்பு வார நிலை. முந்தைய ஏழு நாள்களில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்பதே அங்கே கேள்வி. அதே 2023-24 ஆண்டறிக்கையில் நடப்பு வார நிலைப்படி விகிதம் 4.9 என்று தனியே கொடுத்திருக்கிறார்கள். ஒப்பிடுவதானால் அதை எடுங்கள். அதுவும் முழு ஆண்டின் எண், ஏப்ரல் என்பது ஒரே மாதம். போதாததற்கு 2025 ஜனவரியிலிருந்து மாதிரி எடுக்கும் முறையையும் மாற்றியிருக்கிறார்கள். ஆகவே 4.9-க்கும் 5.1-க்கும் இடையிலான வேறுபாட்டில் கட்டுரையின் எந்த முடிவையும் ஏற்றாதீர்கள்.