சூ சான் கேஸ்: வாங் அந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சிருக்கணுமா?

ரயில்பூச்சி:
நேத்து ராத்திரி ‘யூ தாங் சுன்’ங்கற பீகிங் ஓபராவோட (சீன இசை நாடகம்) விசாரணை காட்சிய முழுசா பாத்தேன், அதுல இருந்து ஒரே கடுப்பு, அதான் இங்க வந்து கொட்டறேன். கதை தெரியாதவங்களுக்கு: சீனாவுல மிங் ராஜ வம்சத்து காலம், மந்திரி வீட்டுப் பையன் வாங், பெய்ஜிங்ல சூ சான்ங்கற தாசிகிட்ட மயங்கி 36,000 லியாங் (பழைய சீன எடை அளவு) வெள்ளிய ஒரு வருஷத்துக்குள்ள காலி பண்றான். காசு தீந்ததும் தாசி வீட்ட நடத்துறவ வெளிய தள்ளிடறா, சூ சான்தான் கையில இருந்தத குடுத்து போய்ப் படின்னு அனுப்புறா. அப்புறம் அவள ஷான்சி மாகாணம் ஹொங்தொங் ஊரு வியாபாரி ஷென்னுக்கு வைப்பாட்டியா வித்துடறாங்க. அங்க மூத்த சம்சாரத்துக்கு கள்ளத்தொடர்பு, நூடுல்ஸ்ல பாஷாணம், செத்தது புருஷன், பழி சூ சான் மேல. மாஜிஸ்ட்ரேட் லஞ்சத்த வாங்கிட்டு அடிச்சு ஒத்துக்க வெச்சுட்டான். கேஸ் மேல போகுது, நடு நாற்காலில யாரு? பரீட்சை பாஸ் பண்ணி வந்த அதே வாங்! அவள பாத்ததும் ஆளு ஆடிப்போயிடறாரு, ஆனா எந்திரிச்சு போகல. காதலி கேஸ காதலனே விசாரிக்கறது எந்த ஊரு நியாயம்?

மல்லி77:
அவரு எந்திரிச்சு போயிருந்தா அடுத்து வந்து உக்கார்றவன் என்ன பண்ணியிருப்பான்னு யோசிச்சீங்களா? புருஷனக் கொன்ன பொண்டாட்டிக்கும் சரி வைப்பாட்டிக்கும் சரி மிங் சட்டத்துல லிங்ச்சி, அதாவது உயிரோட துண்டு துண்டா வெட்டறது. அவ கழுத்துல பலகை மாட்டியாச்சு, நீங்க இங்க உக்காந்து ப்ரொசீஜர் பேசறீங்க.

குமாஸ்தா:
ரெண்டு பேருமே ஓபராவ மட்டும் வெச்சு சண்ட போடறீங்க. ஓபராவுக்கு முன்னாடியே இந்தக் கதை 1624-ல ஃபெங் மெங்லோங் தொகுத்த கதைகள்ல இருக்கு, அதுல வாங் அவள ஒண்ணு ரெண்டு கேள்வி கேக்கறதோட சரி, முழு விசாரணைய அவரு பண்ண மாட்டாரு. ஹொங்தொங்குக்கு மாறுவேஷத்துல போயி ஊருக்குள்ள விசாரிச்சுட்டு வந்து, லியூன்னு ஒரு நீதி அதிகாரிகிட்ட கேஸ ஒப்படைச்சுடறாரு. நடு நாற்காலி, அவரு கூட உக்கார்ற செவப்பு அங்கி, நீல அங்கி அதிகாரிங்க எல்லாம் மேடைக்காக.

ரயில்பூச்சி:
அண்ணே ஒப்படைச்சாருங்கறீங்களே, என்ன சொல்லி ஒப்படைச்சாருன்னு படிச்சீங்களா? லியூகிட்ட வாங், ‘நான் இன்னும் சுற்றுப்பயணமே கிளம்பல, அதுக்கு முன்னாடியே ஹொங்தொங் போயி விசாரிச்சுட்டேன், விஷம் வெச்சது மூத்தவதான், சூ சான் பாவம், நீங்க நல்லா கவனிச்சு தீர்ப்பு சொல்லுங்க’ங்கறாரு. தீர்ப்ப கையில குடுத்துட்டு விசாரணை பண்ணச் சொல்றதுக்கு பேரு ஒதுங்கறதா? புது போஸ்ட்டுக்கு வந்து ஆளு பண்ற மொத வேலையே இதான்!

குமாஸ்தா:
அத ஒத்துக்கறேன். ஆனா அவரோட பதவி என்னன்னு பாக்கணும். ஷுன்-ஆன் யூஷி, மாகாணத்த சுத்தி வர்ற கண்காணிப்பாளர். கிரேடு வெறும் 7, ஒரு சின்ன ஊரு மாஜிஸ்ட்ரேட்டுக்கு என்ன கிரேடோ அதேதான், பதவிக்காலம் ஒரே வருஷம். ஆனா பெரிய பெரிய அதிகாரி மேல நேரா ராஜாவுக்கே எழுதலாம், அதனால எல்லாருக்கும் இவன கண்டா நடுக்கம். ஜெயில்ல இருக்கறவங்க கேஸ திரும்ப எடுத்து பாக்கறது அவங்க வேலைலயே முக்கியமானது. அதனால அந்த ஃபைல தொட்டது தப்பில்ல, தொடாம விட்டிருந்தாதான் தப்பு.

தயிர்சாதம்:
நடுவுல வரேன் மன்னிச்சுக்கோங்க, அந்த பெட்டி சீன பத்தி ஏன் ஒருத்தரும் பேசல?? லியூ எல்லாரையும் இடுக்கி போட்டு நசுக்கி சித்திரவதை பண்ணி பாக்கறான், ஒருத்தரும் வாய தொறக்கல, உடனே முற்றத்துல ஒரு பெரிய பெட்டிய வெச்சு அதுக்குள்ள எழுத்தர உக்கார வெச்சுட்டு குத்தவாளிங்கள பெட்டிய சுத்தி கட்டிப்போட்டுட்டு சாப்புட போயிடறான், அவனுங்க ஆளு இல்லன்னு நெனச்சு ஒருத்தன ஒருத்தன் திட்டிக்கிட்டே எல்லாத்தையும் உளறிடறானுங்க, உள்ள இருக்கறவன் அப்படியே எழுதிக்கறான். ஒட்டுக்கேக்குற மெஷின் வர்றதுக்கு எத்தன நூறு வருஷம் முன்னாடி!

மல்லி77:
அதேதான் சொல்ல வந்தேன் தயிர். உண்மைய கண்டுபிடிச்சது லியூவும் அந்த பெட்டியும். வாங் கண்ண காட்டினாரு, அவ்ளோதான், சாட்சிய அவரு உருவாக்கலையே.

ரயில்பூச்சி:
கேஸ் சரியா முடிஞ்சதால வழியும் சரின்னு ஆயிடுமா? சூ சான் நெசமாவே விஷம் வெச்சிருந்தா அதே வாங் அதே லியூகிட்ட அதே டயலாக்தான் சொல்லியிருப்பாரு, எனக்கு அதுல சந்தேகமே இல்ல. அப்பவும் பெட்டிய சுத்தி மூத்த சம்சாரத்ததான் கட்டியிருப்பாங்க. இன்னொண்ணு, அவரு இல்லாட்டி அவ செத்தாங்கறதும் மிகை. மரண தண்டனைன்னா ஃபைல் பெய்ஜிங் போகணும், கடைசில ராஜா சம்மதிக்கணும். ஹொங்தொங் மாஜிஸ்ட்ரேட் நெனச்ச மாத்திரத்துல வெட்டிட முடியாது.

மல்லி77:
பெய்ஜிங் போற ஃபைல்ல என்ன இருக்கும்? அடிச்சு வாங்கின வாக்குமூலம் இருக்கும். அந்த ஊருல வாக்குமூலம் இல்லாம பொதுவா தண்டனை கெடையாது, வாக்குமூலம் இருந்தா மேல இருக்கறவன் எதுக்கு கேள்வி கேக்கப்போறான். பேப்பர் பேப்பராதான் பேசும். ஒரு ஆளு நேர்ல அந்த ஊருக்கு போயி சந்துல நின்னு விசாரிச்சாதான் உண்மை வரும். போனது யாரு? அவள தெரிஞ்சவன். தெரியாதவன் எதுக்கு மாறுவேஷம் போடப்போறான்?

ரயில்பூச்சி:
அதே ஜெயில்ல காதலன் இல்லாத கைதி எத்தன பேரு இருந்திருப்பாங்க? அவங்களுக்கு யாரு மாறுவேஷம் போட்டா?

குமாஸ்தா:
இது நல்ல கேள்வி, பதில் என்கிட்ட இல்ல. சட்டம் என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்றேன். மிங் சட்டத்துல ஒதுங்கறதுக்கு தனியா ஒரு விதியே இருக்கு: வழக்குல இருக்கறவங்க துக்கம் காக்கற அளவு நெருங்கின சொந்தம், சம்பந்தி வீடு, பாடம் சொன்ன வாத்தியார், பழைய பகையாளி, இதுல யாரா இருந்தாலும் எழுதி குடுத்துட்டு விலகணும், இல்லன்னா 40 அடி. பழைய காதலி லிஸ்ட்லயே கெடையாது! அதனால எழுத்துப்படி பாத்தா வாங் தப்பிச்சுட்டாரு. ஆனா மாட்டுற எடம் வேற. அதிகாரி தாசி வீட்டுக்கு போனாலே 60 அடி, ஆட்டக்காரிய கட்டிக்கிட்டாலும் 60 அடி, கல்யாணமும் செல்லாது. தன் அதிகாரத்துக்கு கீழ வழக்குல இருக்கறவனோட பொண்டாட்டி, வைப்பாட்டி, பொண்ணு யாரையாவது கட்டிக்கிட்டா 100 அடி. கதை முடிவுல வாங் என்ன பண்றாரு? அவளையே வீட்டுக்கு கூட்டிட்டு போறாரு. ஒரு அடி கூட விழல.

தயிர்சாதம்:
😂 வழக்குல தப்பிச்சு கல்யாணத்துல மாட்டுனாரு

மல்லி77:
அண்ணே அந்த 100 அடி விதி அதிகாரத்த காட்டி பொம்பளைங்கள புடுங்கறத தடுக்கறதுக்கு. இவ தானா வந்தவ.

குமாஸ்தா:
தானா வந்தாளா இல்லியான்னு கோர்ட்டுக்கு எப்படிம்மா தெரியும், அதுக்குதான் மொத்தமா தடை. அப்புறம் தானா வந்தவ எதுக்கு வந்தான்னும் பாரு. கதைல வாங்குக்கு அதுக்குள்ள வீட்டுல பாத்து வெச்ச சம்சாரம் ஒண்ணு இருக்கு. சூ சான் போயி ரெண்டாமவளா உக்கார்றா. ஷென் ஹொங் வீட்டுலயும் அவ ரெண்டாமவதான்.

மல்லி77:
அத சொல்லி என் வாய அடச்சுட்டீங்க. ஆனா எந்திரிக்க வேண்டாம்னு நான் சொன்னது சொன்னதுதான்.

ரயில்பூச்சி:
நானும் மாறல. ஹொங்தொங்ல அந்த பழைய ஜெயில இடிச்சுட்டு 1980-கள்ல திரும்ப கட்டி சூ சான் ஜெயில்னு டிக்கெட் போட்டு காட்டறாங்களாம், போனீங்கன்னா சூ சானுக்கு பக்கத்து அறைல இருந்தது யாருன்னு கேட்டுட்டு வாங்க.