மகளுக்குத் தொண்டு நிறுவன இன்டர்ன்ஷிப், சோஷியல் செக்யூரிட்டி எண் உடனே வேண்டும், உதவுங்கள்

புதுக்குடித்தனம்:
வணக்கம். அமெரிக்கா வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகள் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் ஹானர்ஸ் காலேஜில் (சிறந்த மாணவர்களுக்கான தனிப் பிரிவு) படிக்கிறாள். ஹானர்ஸ் முடிக்க இன்டர்ன்ஷிப்போ சமூகப் பணியோ ஏதாவது ஒன்று செய்தாக வேண்டுமாம். அகதிக் குடும்பங்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கோடைக்கு இடம் கிடைத்துவிட்டது. நேற்று படிவங்கள் அனுப்பியிருக்கிறார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் (இங்கே வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண்) கேட்கிறார்கள், அவளிடம் இல்லை. திங்கட்கிழமை சேர வேண்டும். சம்பளமெல்லாம் கிடையாது, தொண்டுதான். அந்த எண்ணைச் சீக்கிரம் வாங்க என்ன வழி? பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறாள், எங்களுக்கும் தூக்கமில்லை.

டெட்ராய்ட்வாசி:
கவலைப்படாதீர்கள் சார். ஆன்லைனில் மினக்கெடாமல் பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) இரண்டையும் எடுத்துக்கொண்டு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு நேரில் போங்கள். நாங்கள் வந்தது ஜனவரி. அந்த எண் வரும்வரை பட்ட பாடு இருக்கிறதே! வீடு வாடகைக்குக் கேட்டால் கிரெடிட் ஹிஸ்டரி எங்கே என்பார்கள். போனுக்கு டெபாசிட், கரண்டுக்கு டெபாசிட். கார் இல்லை, பனியில் பஸ் ஸ்டாப்பில் நின்று காதெல்லாம் மரத்துப்போகும். இப்போது வருகிறவர்களுக்கு எல்லாம் சுலபம்.

பழைய எஃப்ஒன்:
அண்ணா, எண் பெரிய விஷயம் இல்லை. படிப்போடு சேர்ந்த வேலைக்கான சிபிடி அனுமதி வாங்கினாளா? காலேஜில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் டிஎஸ்ஓ என்று ஒருவர் இருப்பார், அவர் ஒப்புதல் கொடுத்தால் புது ஐ-20 (மாணவர் விசாவுக்கான காலேஜ் படிவம்) வரும். இரண்டாம் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். அந்தத் தேதிக்கு முந்தின நாள்கூட வேலைக்குப் போகக் கூடாது. இளநிலை மாணவர் என்றால் ஒரு முழுக் கல்வியாண்டு முழுநேரமாகப் படித்திருக்க வேண்டும், இன்டர்ன்ஷிப்பும் பாடத்திட்டத்தோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். இன்னொன்று, முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் அந்தப் பட்டத்துக்கு ஓபிடி, அதாவது படித்து முடித்தபின் வேலை செய்யும் அனுமதி, போய்விடும்.

சும்மா ஒருவன்:
காசே வாங்காத வேலைக்கு எதற்கு சிபிடி? நாங்கள் வாராவாரம் ஃபுட் பேங்கில் பொட்டலம் கட்டுகிறோம், எவனும் விசா கேட்டதில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

பழைய எஃப்ஒன்:
ஃபுட் பேங்கில் பொட்டலம் கட்ட வருகிற யாருக்கும் காசு கிடையாது. அது வாலண்டியர். இன்னொருவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்ய வைக்கிற வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தால் அதுவும் வேலைதான். காசு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அது தொண்டாகிவிடாது.

கொலம்பஸ் சித்தப்பா:
இந்த இலவச இன்டர்ன்ஷிப் என்பதே பெரிய அக்கிரமம். லாப நோக்கில் நடக்கும் கம்பெனி சம்பளமில்லாமல் இன்டர்ன் வைத்தால் தொழிலாளர் துறை ஆயிரம் கேள்வி கேட்கும். 2018-இல்கூட அதற்கென்று ஏழு அம்சச் சோதனையைப் புதுப்பித்தார்கள். தொண்டு நிறுவனம் என்றால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதன் தலைவர் எவ்வளவு வாங்குகிறார் என்று அவர்கள் வரித்துறைக்கு ஆண்டுதோறும் தரும் 990 படிவத்தை எடுத்துப் பாருங்கள், பொதுவில்தான் இருக்கிறது. இதில் ஹானர்ஸ் கிரெடிட் வேண்டுமென்றால் கோடைக்குத் தனியாக டியூஷன் கட்டு என்பார்கள். காசு கொடுத்து வேலை செய்கிற கூத்து வேறெங்கே உண்டு?

டெட்ராய்ட்வாசி:
சரியாகச் சொன்னீர்கள். அரசு உதவியோடு படித்துக்கொண்டே வேலை பார்க்கும் வொர்க்-ஸ்டடி நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. அமெரிகார்ப்ஸ் என்ற அரசு சேவைத் திட்டமும் பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் மூன்று மாதம் சும்மா உழைக்க முடியும். பேசாமல் ஊரிலேயே படிக்க வைத்திருக்கலாம்.

சும்மா ஒருவன்:
என் மகனுக்கு மேல்படிப்பில் இடம் கிடைத்ததே அப்படி ஒரு இடத்தில் உழைத்ததால்தான். எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி?

கொலம்பஸ் சித்தப்பா:
உங்கள் மகனுக்கு வீட்டு வாடகை யார் கட்டியது?

அட்லாண்டா அக்கா:
இந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குத் திங்கட்கிழமை கெடு. ஐயா, முக்கியமானதை நீங்கள் சொல்லவே இல்லை. மகளுக்கு என்ன விசா? வயது என்ன? ஆஃபர் லெட்டரில் பணம் என்று ஏதாவது போட்டிருக்கிறதா? அனுப்பிய படிவத்தின் பெயர் என்ன?

புதுக்குடித்தனம்:
மன்னிக்கணும் மேடம். எனக்கு எச்-1பி வேலை விசா, அவளுக்கு அதைச் சார்ந்த குடும்பத்தினருக்கான எச்-4. வயது 19. சம்பளம் என்று இல்லை, ஆனால் 1,500 டாலர் ஸ்டைபெண்ட் (உதவித்தொகை) என்று ஒரு வரி இருக்கிறது. படிவம் ஐ-9, வேலைக்குச் சேர்கிறவரின் வேலை அனுமதியைச் சரிபார்ப்பதாம்.

பழைய எஃப்ஒன்:
எச்-4-ஆ! அப்படியானால் நான் எழுதிய சிபிடி கதை எதுவும் பொருந்தாது. அது எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

அட்லாண்டா அக்கா:
ஐயா, நிதானமாகப் படியுங்கள். எச்-4 பிள்ளை முழுநேரம் படிக்கலாம், தடையில்லை. வேலை செய்ய அனுமதி கிடையாது. அதனால்தான் அந்த எண்ணும் இல்லை. அலுவலகத்துக்குப் போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்த அலைச்சல் வேண்டாம்.

ஐ-9-இன் முதல் பகுதியை மட்டும் ஒருமுறை பாருங்கள். நான்கு கட்டங்கள் இருக்கும்: குடிமகன், குடியுரிமை இல்லாத நேஷனல் (அமெரிக்கன் சமோவா போன்ற இடத்தில் பிறந்தவர்), கிரீன் கார்டுக்காரர், வேலை அனுமதி உள்ள வெளிநாட்டவர். உங்கள் மகள் நான்கிலும் இல்லை. தெரியாமல் நான்காவதில் டிக் போட்டுக் கையெழுத்திட்டால் அது பொய் உறுதிமொழி. நாளைக்கு விசா மாற்றும்போதும் கிரீன் கார்டுக்குப் போகும்போதும் இதைத்தான் தோண்டுவார்கள். எனவே கையெழுத்து வேண்டாம்.

ஸ்டைபெண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே வேலைக்குப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது. பணம் கொடுக்கும் இடம் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். அதற்குப் பதிலாக இன்றைக்கே அந்தத் தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு மகளே மெயில் போடட்டும்: "என் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை, அதனால் இன்டர்ன்ஷிப்பை ஏற்க முடியவில்லை. பொதுமக்கள் எவரும் ஊதியமின்றிச் சேரும் வாலண்டியர் பணி உங்களிடம் இருக்கிறதா?" அகதிகளுக்கான அமைப்பு, விசா பேச்சு அவர்களுக்குப் புதிதில்லை. இரண்டாவது மெயில் ஹானர்ஸ் ஆலோசகருக்கு. அந்த வாலண்டியர் பணியோ சமூகப் பணியோடு சேர்ந்த சர்வீஸ்-லேர்னிங் பாடமோ ஆய்வேடோ இன்டர்ன்ஷிப்புக்கு ஈடாகுமா என்று கேட்கட்டும். பல காலேஜில் மாற்று வழி வைத்திருப்பார்கள், கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லை. எது கிடைத்தாலும் ஒத்துக்கொள்வதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

புதுக்குடித்தனம்:
மேடம், மெயில் போட்டதும் பதில் வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் அகதிகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வாலண்டியர்கள் தேவையாம், யாருக்கும் பணம் கிடையாதாம். ஹானர்ஸ் ஆலோசகர் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். பிள்ளை சாப்பிட்டாள். இன்னொரு கேள்வி. அடுத்த கோடைக்காவது ஒழுங்காகப் போக எஃப்-1-க்கு மாற்றிவிடலாமா?

அட்லாண்டா அக்கா:
எப்படியும் 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், இப்போதே யோசிப்பது நல்லது. இரண்டு வழி. இங்கிருந்தபடியே விசா நிலையை மாற்றும் ஐ-539 விண்ணப்பம் போடலாம், இல்லையென்றால் காலேஜ் தரும் ஐ-20-ஐ எடுத்துக்கொண்டு வெளியே போய் அமெரிக்கத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் முடித்து வரலாம். முதலாவதில் காத்திருப்பு இழுக்கும், ஒப்புதல் வரும்வரை கேம்பஸ் வேலைகூடக் கூடாது. அதற்கு முன் காலேஜில் ஒன்று விசாரியுங்கள்: இப்போது அந்த மாநிலத்தவருக்கான குறைந்த இன்-ஸ்டேட் கட்டணம் கட்டுகிறீர்கள் என்றால் எஃப்-1 ஆனபின் அது மாறுமா என்று. மாறினால் வீட்டுக் கணக்கே தலைகீழாகிவிடும்.

மற்றதற்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா. விசாவை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

டெட்ராய்ட்வாசி:
ஸ்டாம்பிங்குக்கு நாங்கள் போனபோது நடந்த கதையையும் அங்கே எழுதுகிறேன்.