பழைய இரட்டைக் கதவில் பேனிக் பார்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

அரங்கக்காப்பாளர் கேட்கிறார்:

முப்பது ஆண்டுகளைக் கடந்த ஓர் அரங்கத்தின் பராமரிப்புப் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. அதன் பின்வாசலில் வெளிப்புறமாகத் திறக்கும் இரட்டை இரும்புக் கதவு இருக்கிறது. இரண்டிலும் பழைய குறுக்குக் கம்பி வகைப் பேனிக் பாரும் (உள்ளிருந்து தள்ளினால் தாழ் விடுபட்டுக் கதவைத் திறக்கும் கம்பி), அதிலிருந்து மேலும் கீழும் ஓடும் செங்குத்துக் கம்பிகளும் உள்ளன. வலக்கதவு க்ளோசரின் விசையால் தானாகவே சாத்திக்கொண்டாலும் அதன் கீழ்த்தாழ் தரைக்குழியில் இறங்குவதில்லை. கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்து இழுத்தால்தான் இறங்குகிறது. சென்ற மாதம் யாரோ ஒருவர் இரண்டு கதவுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வளைத்த கம்பியை நுழைத்துப் பாரை மாட்டி இழுத்து உள்ளே வந்துவிட்டார். நிர்வாகத்தினர் இரவில் சங்கிலி சுற்றிப் பூட்டிவிடச் சொல்கிறார்கள். அந்நேரத்தில் உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள் என்பது அவர்களுடைய வாதம். பாரை முழுவதுமாக மாற்ற வேண்டுமா, பழுது பார்த்தால் போதுமா, சங்கிலி போடுவது சரிதானா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

சாவிக்கொத்து எழுதுகிறார்:

தூக்கிப் பிடித்தால் தாழ் விழுகிறது என்று நீங்களே நோயைச் சொல்லிவிட்டீர்கள். பேனிக் பார் கெட்டுவிட்டது என்று என்னை அழைக்கும் இடங்களில் பெரும்பாலும் கெட்டிருப்பது பார் அல்ல, கீல். கதவைச் சாத்திவிட்டு, நிலைக்கும் கதவுக்கும் இடையேயுள்ள சந்தை மேலிருந்து கீழ்வரை கவனியுங்கள். கீல் பக்கத்தின் மேல்முனையில் சந்து அகன்றும், எதிர்ப்பக்கத்தின் மேல்முனையில் கதவு நிலையையோ மற்றக் கதவையோ உரசியும் இருந்தால் கதவு இறங்கியிருக்கிறது என்று பொருள். மேல் கீலின் திருகாணிகளை முதலில் முறுக்கிப் பாருங்கள். மரை தேய்ந்து திருகாணி வெறுமனே சுற்றினால், அதைவிடத் தடித்த திருகாணியை அடித்து ஏற்றுவது ஆறு மாதம்கூடத் தாங்காது. நிலையின் உட்புறம் வலுவூட்டும் தகடு வைத்து மறுபடி மரை வெட்டுவதே முறை. கீலின் மூட்டுகளே தேய்ந்திருந்தால், கதவின் முழு உயரத்துக்கும் ஓடும் தொடர்கீலைப் போடுவது செலவானாலும் அந்தச் செலவு வீண்போகாது.

அதன் பிறகே கம்பிகளைத் தொட வேண்டும். தரைக்குழியை ஒருமுறை சுரண்டிப் பார்த்துவிடுங்கள். நான் சுத்தம் செய்த ஒரு குழியில் மண், இரண்டு கூழாங்கற்கள், நசுங்கிய பாட்டில் மூடி ஒன்று என்று விரல் நீளத்துக்கு அடைந்திருந்தது. அதற்குமேல் தாழ் எங்கே இறங்கும்? மேல்தாழைச் சரிசெய்து, அது முழுவதும் வெளியே வந்து பிடிப்பதை உறுதி செய்துகொண்டு, பிறகு கீழ்க்கம்பியின் நீளத்தை மரையில் திருகிச் சரிசெய்யுங்கள். பாரை அழுத்தும்போது கீழ்த்தாழ் தரையைத் தொடாத அளவுக்கு முழுமையாக மேலேற வேண்டும். இல்லையேல் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் தரையில் கோடு கிழித்து, சில வாரங்களில் கம்பியே வளைந்துவிடும். தள்ளுவண்டி இடித்துக் கம்பி ஏற்கெனவே வளைந்திருந்தால் நிமிர்த்த முயலாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பாரின் உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்து அந்த மாடலுக்கு உதிரிப்பாகம் கிடைக்கவில்லை என்றால் மட்டுமே முழுப் பாரையும் மாற்ற வேண்டியிருக்கும். பழைய துளைகளை மூடி புதியவற்றைப் போடும்போது, உள்ளீடற்ற இரும்புக் கதவின் மெல்லிய தகட்டில் திருகாணியை நம்பாமல் மறுபக்கம் வரை ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளைப் பயன்படுத்துங்கள்.

வெளியேறும்வழி எழுதுகிறார்:

சங்கிலி கூடாது. இரவில் ஆளில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் காலையில் அதை அவிழ்க்க வேண்டியவர் மறந்துவிடும் அந்த ஒரு நாளுக்குத்தான் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. துப்புரவுப் பணியாளர் ஒருவர் இரவில் உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் நிர்வாகத்திடம் கேளுங்கள். பேனிக் பார் பிறந்த கதையே அதுதான். 1883ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் விக்டோரியா ஹால் அரங்கில், படிக்கட்டின் அடியில் இருந்த கதவு ஓர் ஆள் மட்டுமே நுழையும் அளவுக்குத் திறந்த நிலையில் தாழிடப்பட்டிருந்ததால், 183 குழந்தைகள் நெரிசலில் இறந்தார்கள். அதைத் தொடர்ந்தே, உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும் தாழுக்கு 1892இல் ராபர்ட் பிரிக்ஸ் காப்புரிமை பெற்றார்.

பழுது பார்த்து முடித்ததும் விசையையும் அளந்து பாருங்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 1125, கதவின்மீது வேறு அழுத்தம் இல்லாத நிலையில் பாரைத் திறக்க 80 நியூட்டனுக்கு மேல் தேவைப்படக்கூடாது என்கிறது. அமெரிக்க விதியில் அது 15 பவுண்டு விசை, அதாவது ஏறத்தாழ 7 கிலோ எடை தரும் அழுத்தம். ஒரு குழந்தையோ முதியவரோ தள்ளினாலும் திறக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

இன்னொன்று: பகலில் பாரை அழுத்திய நிலையிலேயே ஆலன் கீ என்ற அறுகோணச் சாவியால் நிறுத்தி வைக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. உங்கள் கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால் அந்த வசதியைப் பயன்படுத்தக்கூடாது. தீ பரவும் நேரத்தில் கதவு தாழ் விழுந்து நின்றாக வேண்டும். அத்தகைய கதவில் தோன்றிய இடத்தில் துளையிடுவதும் அதன் சான்றைக் கெடுத்துவிடும்.

அரங்கக்காப்பாளர்:

மிக்க நன்றி. மேல் கீலின் நான்கு திருகாணிகளில் இரண்டு விரலால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. தற்காலிகமாக முறுக்கியதுமே தாழ் குழியில் இறங்கிவிட்டது. முறையான வேலைக்கு ஆளைச் சொல்லியிருக்கிறேன். இது தீத்தடுப்புக் கதவு அல்ல. நடு இடைவெளியை மறைக்க, ஒரு கதவின் ஓரத்தில் மற்றதன்மேல் படியும் இரும்புப் பட்டையைப் பற்றவைத்துவிட்டால் போதுமா?

சாவிக்கொத்து:

அதைச் செய்யாதீர்கள். வெளிப்புறத்தில் பட்டையைப் பற்றவைத்தால் அதனடியில் இருக்கும் கதவு தனியாகத் திறக்காது. உட்புறத்தில் பற்றவைத்தால் பட்டையைத் தாங்கும் கதவு மற்றதில் இடித்து நிற்கும். இரண்டு கதவுகளிலும் பேனிக் பார் இருப்பதன் நோக்கமே, எதைத் தள்ளினாலும் அது மட்டும் தனியே திறக்க வேண்டும் என்பதுதான். ஒவ்வொரு கதவின் ஓரத்திலும் தனித்தனியே பொருத்தி நடுவில் சந்திக்கும் இரட்டைப் பட்டைகள் இருக்கின்றன. அவை கம்பி நுழையும் சந்தைப் பெருமளவு குறைத்துவிடும்.

இருப்பினும் என்னிடம் விட்டால், சாவியால் கழற்றக்கூடிய நடுத்தூண் ஒன்றை நிறுத்தி, இரு கதவுகளிலும் கதவின் மேற்பரப்பில் அமரும் பூட்டுள்ள பார்களைப் போடுவேன். செங்குத்துக் கம்பிகள், தரைக்குழி, மேல்தாழ் எல்லாத் தொல்லைகளும் ஒரே வீச்சில் ஒழிந்துவிடும். பெரிய பொருள்களைக் கொண்டுவரும் நாளில் தூணைக் கழற்றிக்கொள்ளலாம். தூண் நின்ற பிறகும் ஒவ்வொரு கதவின் திறப்பும் விதிப்படியான அகலத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதை மட்டும் முன்னதாக அளந்துவிடுங்கள்.

வெளியேறும்வழி:

நடுத்தூணை நானும் ஆதரிக்கிறேன். நிர்வாகத்துக்குச் சங்கிலியின் இடத்தில் ஏதாவது கொடுத்தே தீர வேண்டுமென்றால், பாரை அழுத்தியவுடன் கதவும் திறந்து ஓசையும் எழுப்பும் எச்சரிக்கை மணியைச் சொல்லுங்கள். வெளிப்புறம் திறக்கும் கதவில் கீலின் ஊசி வெளியே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தட்டிக் கழற்ற முடியாதபடி உள்ளிருந்து திருகி இறுக்கும் வகை ஊசியாக அது இருக்க வேண்டும்.